லீவு கேட்டால் முறைக்கிறாரா மேனேஜர்?

நம்ம ஊர் ஆபீஸ்களில் ஒரு விசித்திரம். சொந்தக் கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போகிறவன்கூட, பிக்பாக்கெட் கேஸில் மாட்டியவன் மாதிரி மேனேஜர் ரூம் வாசலில் நெளிவான். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து "எத்தனை நாள்?" என்றதும், மனசில் இருந்த பத்து நாள், வாய்க்கு வருவதற்குள் நாலாகச் சுருங்கிவிடும்.

லீவு என்ன, அவர் போடுகிற பிச்சையா? இல்லவே இல்லை. கொஞ்சம் சட்டம் பேசலாம். பி.காம். படித்தபோது எனக்கே கொட்டாவி வந்த சப்ஜெக்ட்தான். ஆனால் சம்பளக் கவர் சம்பந்தப்பட்டது என்றால் தூக்கம் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் கடைகளுக்கும் தனியார் ஆபீஸ்களுக்கும் 1947-ம் வருடத்திய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. (ஃபாக்டரிக்காரர்களுக்குக் கணக்கு வேறு.) இதன்படி, சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே, சம்பளத்தோடு 12 நாள் கேஷுவல் லீவ், உடம்பு சரியில்லை என்றால் 12 நாள். ஒரு வருடம் முடித்துவிட்டால், இன்னொரு 12 நாள் சம்பள விடுமுறை. இந்தக் கடைசிப் பன்னிரண்டை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சேர்த்த விடுமுறையைக் கேட்டு, அவர்கள் மறுத்து, அப்புறம் நீங்கள் வேலையை விட்டால், அந்த நாட்களுக்கு உங்களுக்குப் பணம் தரவேண்டும். ஆனால் 'கேட்டேன் சார், வாயால கேட்டேன்' என்றால் யார் நம்புவார்கள்? எழுதிக் கொடுங்கள். ஒரு காப்பி கையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மேனேஜர் ஏன் அப்படி முறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

இது போக, 1958-ம் வருடச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும், பண்டிகை நாட்கள் ஐந்தும், ஆக ஒன்பது நாள் லீவு. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. ஓட்டுப் போடும் நாளுக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. 1996-ல் வந்த திருத்தம் இது.

சரி, விசேஷ லீவு? இங்கேதான் ஆண்களுக்கு ஏமாற்றம். கல்யாணம், வீட்டில் துக்கம், குழந்தை பிறப்பு எதற்கும் தனியார் கம்பெனி ஆண்களுக்கு இங்கே சட்டம் தனி லீவு தரவில்லை. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் உண்டு. நமக்கு? கம்பெனியின் பெரிய மனசுதான். பெண்களுக்கு 2017 முதல், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம். ஆபீஸில் பாலியல் தொல்லை என்று புகார் கொடுத்த பெண், விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை கூடுதல் லீவு கேட்கலாம்; 2013-ம் வருடச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து, எல்லோரும் பயப்படுகிற 'லாஸ் ஆஃப் பே'. கடைகள் சட்டத்தில் இது உரிமையாக இல்லை. கேட்கலாம், கொடுத்தால் உண்டு. ஆனால் கொடுத்த பிறகு எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வெள்ளியும் திங்களும் லீவு போட்டார். சனி, ஞாயிறு ஆபீஸே கிடையாது. சம்பளம் 22,000. கேஷுவல் லீவ் தீர்ந்துபோயிருந்தது. மாசக் கடைசியில் பார்த்தால், நாலு நாள் சம்பளம் காலி! 30-ஆல் வகுத்து 2,933 ரூபாய் பிடித்திருந்தார்கள். "நடுவில் வர்ற லீவும் சேரும். அதுதான் சார் ரூல்" என்றார் அக்கவுன்ட்ஸ்காரர்.

யார் போட்ட ரூல்? வேலை பார்க்க வேண்டிய மொத்த நாளில் எத்தனை நாள் வரவில்லையோ, அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. 1936-ம் வருடச் சம்பளச் சட்டம் சொன்னது இது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. அந்த மாதம் வேலை நாள் 22. வராதது 2. அப்படியென்றால் 2,000 ரூபாய்தான். இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கணக்கெழுதி, மரியாதையாகவே கொடுக்கச் சொன்னேன். அடுத்த மாதம் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரில் 933 ரூபாய் வந்து சேர்ந்தது. தப்பு என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை!

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், உடம்பு சரியில்லாமல் படுத்தால் அவசரப்பட்டு 'லாஸ் ஆஃப் பே' எழுதிக் கொடுக்காதீர்கள். உரிய அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். சும்மா சும்மா சம்பளமில்லா லீவு போட்டால் அந்த 78-க்கே ஆபத்து.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, தக்க காரணமின்றி, சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டால், வேலை ஒப்பந்தத்தில் இடமிருக்கும்பட்சத்தில் எட்டு நாள் சம்பளம் வரை கூடப் பிடிக்கலாம். ஆகவே, ஆபீஸுக்கு டிமிக்கி கொடுத்து கிரிக்கெட் ஆடப் போகிற பதினோரு பேரில், இரண்டு பேராவது ஒழுங்காக லீவ் லெட்டர் கொடுத்துவிட்டுப் போங்கள்!