லேத்துக்கு முன்னால் ஒரு வைஸ்

வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு இரும்புப் பட்டறை போட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லேத்தைப் பற்றித்தான். எத்தனை அடி பெட் வாங்கலாம், பழசு எடுக்கலாமா, மோட்டார் எவ்வளவு ஹெச்பி வேண்டும் என்பார்கள். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணபதியில் என் வீட்டுக்குப் பின்னால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: லேத் பிறகு வரட்டும். முதலில் ஒரு நல்ல வைஸ், மூன்று அரம், ஒரு மூலைமட்டம், ஒரு வெர்னியர் வாங்குங்கள்.

பக்கத்து வீதியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் தம்பி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்கய்யா, இந்தக் காலத்துலயும் அரத்துல ராவோணுமுங்களா?" என்றார். "ஒரு மாசம் ராவிப் பாரு கண்ணு, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேரும் பையன்களுக்கு இன்றைக்கும் தொடக்க வேலை ராவுவதுதான். ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைக் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தட்டையாக்கு, அடுத்த பக்கத்தை அதற்கு நேர் செங்குத்தாக்கு என்பார்கள். கேட்க எளிது. ஆனால் அரம் கையில் லேசாக ஆடினாலே நடுவில் மேடு விழும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்றாக ஒளி தெரியும். அந்தக் கீற்று மறையும்வரை ராவியவனுக்குத்தான் தட்டை என்றால் என்ன, செங்கோணம் என்றால் என்ன என்பது கையில் ஏறுகிறது. எந்த உலோகத்தில் அரம் வழுக்குகிறது, எது பல்லிடுக்கில் ஒட்டி அடைக்கிறது, பித்தளை எவ்வளவு பதமாக வருகிறது என்பதும் இப்படித் தெரிவதுதான்.

இயந்திரங்களே இப்படிக் கைவேலையிலிருந்து பிறந்தவைதான். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருகு வெட்டும் லேத்தைச் செம்மையாக்கினார். அவருடைய பட்டறையில் கைவேலைக்காரர்கள் வேலையைச் சரிபார்க்க மட்டப்பலகை வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் அறிஞர்கள் கூடிய அவையில் சமதளம் உண்டாக்கும் முறையை விளக்கினார். மூன்று தகடுகளை எடுத்து, மை தடவி, ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒற்றிப் பார்த்து, மை பட்ட மேட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டே தகடு என்றால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் பொருந்திவிடலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். அளவுகோல் எதுவும் இல்லாமல், வெறும் பொறுமையால் துல்லியத்தை உண்டாக்கும் இந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். டூல் ரூமில் நாங்கள் பெட்டைச் சுரண்டிச் சரிசெய்ததும் இப்படி மையை வைத்துத்தான்.

இனி உங்கள் பட்டறைக்கு வருவோம். வைஸ் பூட்டும் மேசை கனமாக இருக்கட்டும். இரண்டு அங்குல ஆங்கிளில் சட்டம் வெல்டு செய்து, மேலே தடித்த பலகை போட்டு, சுவரோடு போல்ட்டு அடித்துவிடுங்கள். ராவும்போது மேசை ஆடினால் வேலையும் ஆடும். வைஸ் நாலு அங்குலமோ ஐந்து அங்குலமோ போதும். அதன் தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முதுகு போய்விடும். அளவெடுக்க 0.02 மில்லிமீட்டர் காட்டும் வெர்னியர் ஒன்று, 0.01 காட்டும் மைக்ரோமீட்டர் ஒன்று. இந்த இரண்டில் மட்டும் விலையைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது டிரில்லிங் மெஷினும் டேப் செட்டும். 6 மில்லிமீட்டர் திருகுக்கு 5 மில்லிமீட்டர் துளை, 8க்கு 6.8, 10க்கு 8.5. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டுத் திருப்பினால் உடையாது.

இவ்வளவும் கைக்குப் பழகிய பிறகு லேத்துக்கு வாருங்கள். எங்கள் ஊரில் ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் சின்னப் பட்டறைகளில் பழைய பெல்ட் லேத்துகள் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு நாலரை அடி பெட் தாராளம். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வேலை பெரும்பாலும் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில்தான் நடப்பதால் பெட் அங்கேதான் தேயும். டூலைத் தாங்கி பெட்மேல் நகரும் சாடிலை சக்கின் அருகே கொண்டுவந்து, ஆட்டமில்லாமல் நகரும்படி இறுக்குங்கள். பிறகு மறுமுனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகிக்கொண்டால் சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பிண்டிலில் டயல் கேஜை வைத்து, ஒரு தடியால் சக்கை நெம்பிப் பார்த்தால் பேரிங்கின் நிலை தெரியும். சேஞ்ச் கியர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணி வாங்குங்கள். ஒன்று தொலைந்திருந்தாலும் சில திருகுகளை வெட்ட முடியாமல் போகும்.

பட்டறையிலிருந்து வரும் லேத்தில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான் என்றால் ஒரு ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம், அல்லது விஎஃப்டி வைக்கலாம். அது வீட்டு மின்சாரத்தையே த்ரீ ஃபேஸாக்கிக் கொடுக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். எர்த்தை மட்டும் எலக்ட்ரீசியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

லேத்தை இறக்கி வைத்ததும் ரசமட்டம் பார்ப்பது தொடக்கம்தான். 25 மில்லிமீட்டர் கம்பியை 150 மில்லிமீட்டர் வெளியே நீட்டிச் சக்கில் பிடியுங்கள். டெயில் ஸ்டாக் தாங்கல் வேண்டாம். இரு முனையிலும் லேசாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்தால், பெட் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். டெயில் ஸ்டாக் பக்கக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு செருகிச் செருகி இரண்டு அளவும் ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனாலும் நல்லதுதான்.

லேத்துக்கு ஆகும் பணத்தில் பாதியாவது கருவிகளுக்கு ஒதுக்கி வையுங்கள். மூன்று தாடையும் ஒன்றாக நகரும் ட்ரூ சக் ஒன்றுதான் கைவசம் என்றால் அடுத்து டாக் சக் வாங்குங்கள். அதன் நாலு தாடையும் தனித்தனியாக நகர்வதால் சதுரமோ கோணலோ எதையும் பிடிக்கலாம். டூலுக்குத் தொடக்கத்தில் ஹெச்எஸ்எஸ் எனும் ஹை ஸ்பீடு ஸ்டீல் துண்டே நல்லது. சாணைக்கல்லில் நீங்களே முனை பிடித்துக்கொள்ளலாம், முனை எப்படி வெட்டுகிறது என்பதும் புரியும். ஹெச்எஸ்எஸ் டூலால் மைல்டு ஸ்டீலைக் கடைய நான் வைத்திருக்கும் கணக்கு: 8000ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுங்கள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடும். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு 320 சுற்று. பித்தளைக்கு அதைப்போல் இரு மடங்கு வைக்கலாம்.

ஓடும் லேத்தில் கையுறை கூடாது. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு சுவிட்சைத் தொடாதீர்கள். கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். இரும்புச் சுருள் சவரக் கத்தி மாதிரி அறுக்கும், அதைக் கம்பிக் கொக்கியால் இழுங்கள். புதுச் சாணைக்கல்லைப் பூட்டும் முன் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் இருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள். இதிலெல்லாம் என்னிடம் சலுகை கிடையாது. பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

முதலில் என்ன செய்யலாம்? ஆடும் சிலிண்டர் வைத்த சின்ன எஞ்சின் ஒன்று செய்யுங்கள். பித்தளையில் 12 மில்லிமீட்டர் உள்விட்டச் சிலிண்டர், 20 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கைக்குள் அடங்கும் ஒரு ஃப்ளைவீல். இதற்கு வால்வு தேவையில்லை. சிலிண்டரே அப்படியும் இப்படியும் ஆடி, தன் துளையைக் காற்று வரும் துளைக்கும் வெளியேறும் துளைக்கும் மாறி மாறிக் காட்டும். கடைதல், போரிங், துளையிடுதல், டேப் போடுதல் எல்லாம் இந்த ஒரே வேலையில் வந்துவிடுகின்றன. பாய்லர் பக்கம் போக வேண்டாம். வீட்டில் செய்த பாய்லர் வெடித்தால் ஆளையே கொல்லும். குறைந்த அழுத்தக் காற்றே போதும், சைக்கிள் பம்பு அடித்தால்கூடச் சுற்றும்.

சுற்றவில்லை என்றால் சிலிண்டரும் அதைத் தாங்கும் பலகையும் உரசும் முகத்தைப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் காற்று கசியும் இடத்தில் நுரை கட்டும். கண்ணாடிப் பலகையில் மெல்லிய எமரித் தாளை விரித்து, முகத்தை எட்டுப் போடுவதுபோல் தேய்த்து, நீல மை போட்டு ஒற்றிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் லேத்தால் உங்களுக்கு உதவ முடியாது, ராவிப் பழகிய கைதான் வேலை செய்யும். மை முழு முகத்திலும் சீராகப் படிந்ததும் எஞ்சின் சுற்றத் தொடங்கும். அடுத்ததாக ஸ்லைடு வால்வு வைத்த எஞ்சினை எடுக்கலாம், அதன் வால்வை நகர்த்தும் எக்சென்ட்ரிக்கைக் கடைய டாக் சக் வேண்டியிருக்கும்.