கடலின் பழி யார் மேல்?

துயரம் நேர்ந்தால் பழி சுமக்க ஓர் ஆளைத் தேடுவது மனித இயல்பு.

நார்வே நாட்டின் வடகோடியில் வார்டோ என்னும் மீனவச் சிற்றூர் உண்டு. 1617ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாள், அக்கரையோரம் எழுந்த புயலில் 10 படகுகள் கவிழ்ந்து 40 பேர் மாண்டனர். 1621இல், சூனியக்காரிகளே புயலை ஏவினர் என்று வழக்கு எழுந்தது. பெண்களைக் கட்டிக் கடலில் எறிந்தனர், மிதந்தவள் குற்றவாளி! வதை தாளாமல் ஒருத்தி உளறிய பெயர் மற்றொருத்திக்குத் தீயாயிற்று. அந்நூற்றாண்டில் அம்மாவட்டத்தில் 91 பேர் மாண்டனர்.

அது லுத்தரன் சபையார் நாடு. ஆயினும் நாம் பெருமை கொள்வதற்கில்லை. ஜெர்மனியில் நம் ஆயர்கள் ஆண்ட பாம்பெர்க், வூர்ஸ்பர்க் நகரங்களிலும் பலர் எரிக்கப்பட்டனர். வதைத்துப் பெறும் வாக்குமூலம் உண்மையாகாது என்று 1631இல் நூல் எழுதி எதிர்த்தவர், சேசு சபைக் குரு பிரீட்ரிக் ஸ்பே.

2004 டிசம்பர் 26இல் நம் நாகைக் கரையிலும் கடல் பொங்கியது. காரணம் நிலநடுக்கம் என்று அறிந்தோம். ஆனால் குழந்தை நோயுற்றாலோ, கதிர் பதரானாலோ, ‘யார் வைத்த சூனியம்?’ என்று மந்திரவாதியிடம் ஓடுவோர் நம்மிடையே இல்லையா? அவன் ஓர் ஏழை விதவையைச் சுட்டும் நாளில், அவள் வாசலில் துணை நிற்பதே நம் விசுவாசம்.