பீரோவில் தூங்கும் வாட்ச்

பட்டுப்புடவைக்கு அடியில், பீரோவுக்குள் பத்திரமாக இருந்தே கெட்டுப்போன வாட்சுகள்தான் என் கடைக்கு அதிகம் வருகின்றன. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரே ஆள் உட்காரும் ரிப்பேர் கடை என்னுடையது. அப்பா கட்டியது, மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டது, ரிட்டயர் ஆகும்போது ஆபீசில் கொடுத்தது என்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். "இருபது வருஷம் தொடவே இல்லை, சாவி கொடுத்தேன், உடனே ஓடுது பாருங்க" என்பார்கள் பெருமையாக. எனக்குத்தான் பகீரென்று இருக்கும்.

ஓடத்தான் செய்யும். மெயின் ஸ்பிரிங் முறுக்கேறினால் சக்கரங்களைத் தள்ளும். உள்ளே எண்ணெய் காய்ந்துபோனது அதற்கு எங்கே தெரியும்? வாட்சைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் எண்ணெய் தன்பாட்டுக்குக் காய்ந்து பிசுக்காகிவிடும். எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை அடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000. அந்த வீலைத் தாங்கும் அச்சின் முனை சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். எண்ணெய் இல்லாமல் அது சுழன்றால் முனை தேயும். தேய்ந்ததற்கு மாற்று இன்று லேசில் கிடைக்காது. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இப்போது ஒரு ஜனதா பிழைக்க வேண்டுமென்றால் இன்னொரு ஜனதாவைப் பிரித்துத்தான் பாகம் எடுக்கிறோம்.

அதனால் பீரோவிலிருந்து எடுத்த வாட்சுக்குச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியே சர்வீசுக்குக் கொடுங்கள். சர்வீஸ் என்றால் மூடியைத் திறந்து மேலாக ஒரு சொட்டு எண்ணெய் விடுவதல்ல. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பிசுக்கும் புது எண்ணெயும் சேர்ந்து, உள்ளே இருக்கும் தூசியோடு அரைக்கும் மாவாகிவிடும். மிஷினை முழுக்கப் பிரித்து, வொயிட் பெட்ரோலில் கழுவி, கல் ஒவ்வொன்றின் குழியையும் மரக்குச்சியால் துடைத்து, பூட்டும்போது தேவையான இடத்தில் மட்டும் ஊசிமுனையால் எண்ணெய் வைக்க வேண்டும். தினம் கட்டும் வாட்சுக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை இது போதும்.

கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் என் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நீங்க வேலைய பாருங்க. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கல்லை எடுத்துடுவேன்னு பயமா ஐயா?"

"சேச்சே!" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அது ரூபிதான், ஆனால் செயற்கை ரூபி. வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதைச் செய்யும் முறையை 1902-ல் வெளியிட்டதிலிருந்து மலிந்துவிட்டது. திருடி விற்றால் டீச்செலவுக்கும் தேறாது. எஃகு அச்சு பித்தளையில் நேராகச் சுழன்றால் குழி அகன்றுவிடும். தேயாத கல்லில் சுழன்றால் அகலாது. அதற்காகத்தான் கல்.

அந்தப் பெரியவரின் வாட்சில் வேறொரு கோளாறு இருந்தது. திடீரென்று நாளைக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்றார். மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். பேலன்ஸ் வீலை ஆட்டும் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சின்ன திசைகாட்டியை வைத்ததும் அதன் முள் வீலோடு சேர்ந்து ஆடியது. காந்தம் ஏறியிருக்கிறது. சுற்று ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, வீல் வேகமாக அடிக்கும். காந்தம் எடுக்கும் கருவியில் காட்டி எடுத்தேன், நேரம் சரியாகிவிட்டது. ராத்திரி எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். ஸ்பீக்கர் மேல்தானாம். செல்போன் பக்கத்திலும், காந்த மூடி போட்ட கைப்பை, போன் கவருக்குள்ளும் வைக்காதீர்கள்.

சாவி கொடுப்பதைக் காலையில் ஒரே நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டியபடியே திருகினால் சாவித்தண்டு பக்கவாட்டில் வளையும். விரலுக்குக் கெட்டிப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தேதி காட்டும் பழைய வாட்ச் என்றால், இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியை மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் பற்கள் கோத்துக்கொண்டிருக்கும்.

ஓசூரிலிருந்து டைட்டன் வந்த பிறகு வீடுகளில் நிறைந்த குவார்ட்ஸ் வாட்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. நின்றுபோன செல்லை மட்டும் உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அது கசிந்தால் சர்க்யூட் போச்சு.

நம் ஊர் வாட்சுக்கு மழையை விட வியர்வைதான் எமன். உப்பு, மூடிக்கும் கேசுக்கும் நடுவே இறுகி, முலாமைத் தின்னும். ராத்திரி கழற்றும்போது உலர்ந்த துணியால் பின்பக்கம் துடைத்தால் போதும். வெயில் காலத்தில் தோல் ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு நைலான் போடுங்கள். ஸ்ட்ராப் மாற்றும்போதே இரண்டு பின்னையும் மாற்றச் சொல்லுங்கள். வாட்ச் கீழே விழுவது பெரும்பாலும் அந்தப் பின் விட்டுப்போய்த்தான்.

ஒன்றை மட்டும் நான் செய்து தருவதில்லை. ஆன்லைனில் பளபளவென்று ஊதா, பச்சை டயலோடு ஜனதா விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டிப் புது பெயின்ட் அடித்தவை. அதைப் பார்த்துவிட்டு, அப்பாவின் வாட்சுக்கும் அப்படி அடித்துக் கொடுங்கள் என்று பையன்கள் வருகிறார்கள். மஞ்சளாகிப்போன டயல் மணி காட்டாமலா இருக்கிறது? பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலைப் பற்பசை தேய்த்து எடுத்துத் தருகிறேன், விரிசல் இருந்தால் புதுக் கண்ணாடி போடுகிறேன். பெயின்ட்தான் வேண்டுமென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.