மரக்கட்டையில் தொற்றி வளரும் நீர்ச்செடிகள்

முதிர்ந்த பால்மரக் காட்டினுள் நண்பகலிலும் வெளிச்சம் குன்றியே இருக்கும் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கன்று நட்ட தொடக்கத்தில் நிலத்தை மூடுவதற்காக விதைக்கப்படும் கொடிகள், ஐந்தாறு ஆண்டுகளில் மரங்கள் கிளைகோத்து வெயிலை மறைத்ததும் மெலிந்து மறைந்துபோகின்றன. அதே நிழலில் பெரணிகள் தழைத்து நிற்கின்றன. செம்பனைத் தோட்டத்திலோ, மட்டை வெட்டிய அடிகளில் மண்ணே இல்லாத இடத்தில் பெரணி வேர்விட்டுத் தொங்குவதைக் காண்கிறோம். வெயிலை நாடும் செடி ஒரு வகை, நிழலில் வாழும் செடி மற்றொரு வகை, மண்ணை வேண்டாது மரத்தில் தொற்றி வாழும் செடி இன்னொரு வகை. இவ்வேறுபாட்டை நாள்தோறும் கண்டுவரும் நாம், வீட்டில் மீன் தொட்டி வைக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின், அங்குப் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், சாலாக் செலாத்தான் முதலிய இடங்களில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியுள்ளனர். வாழையும் முருங்கையும் நட லயத்துக் கொல்லைப்புறம் இருந்தது. அடுக்குமாடியில் அஃது இல்லை. ஆதலின், பசுமையை விரும்பும் உள்ளங்கள் பல, வரவேற்பறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து மனநிறைவு கொள்கின்றன. கடையில் கண்ணைக் கவரும் சிவந்த இலைச் செடியையும் நூலிழை போன்ற இலைகொண்ட செடியையும் கட்டுக்கட்டாக வாங்கிவந்து கூழாங்கற்களுக்கிடையே செருகுகின்றனர். அவை மிகுந்த ஒளியை வேண்டுபவை. மூலையிருட்டில் இரண்டு மூன்று வாரங்களில் அழுகி உதிர்கின்றன. நீர் நாற்றமெடுக்கிறது, மீன்கள் மடிகின்றன, தொட்டி வெளி நடைபாதைக்குப் போய்ச் சேர்கிறது. அதில் மழைநீர் தேங்க, ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அழகிற்காக வாங்கிய பொருள் டிங்கிக் காய்ச்சலுக்கு வழிகோலுவதாய் முடிகிறது.

நிழலுக்குரிய செடியைத் தேர்ந்து, அதை மண்ணில் புதையாமல் மரக்கட்டையில் கட்டி வளர்ப்போமானால் இத்தொல்லைகளுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

இவ்வகையில் முதலிடம் பெறுவது ஜாவாப் பெரணி. பெயர்தான் ஜாவாவினுடையது. இந்தியாவிலிருந்து சீனம் வரையிலும், நம் தீபகற்பத்திலும் இது தானே வளர்கிறது. காட்டோடைகளின் ஓரத்துப் பாறைகளிலும் விழுந்துகிடக்கும் மரங்களிலும் இதைக் காணலாம். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் நீரில் மூழ்கியிருக்கும். வற்றினால் ஈரக்காற்றில் நிற்கும். இரண்டு நிலையிலும் பிழைக்கும். சமையலுக்குக் கொழுந்து பறிக்கும் பாக்குப் பெரணி வேறு, இது வேறு. ஜாவாப் பெரணியின் இலை தடித்துக் கரும்பச்சையாய் ஈட்டிபோல் நீண்டிருக்கும். மென்மையான செடிகளைக் கடித்துத் தீர்க்கும் தங்கமீன்கூடப் பெரும்பாலும் இதை விட்டுவைக்கும்.

மரத்தில் தொற்றி வளர்வதனால் இதனைக் குருவிச்சை போன்றதென எண்ணிவிடலாகாது. பால்மரக் கிளையில் வேர் பாய்ச்சி மரத்தின் சாற்றை உறிஞ்சும் குருவிச்சை ஓர் ஒட்டுண்ணி. ஜாவாப் பெரணி கட்டையிலிருந்து எதனையும் உறிஞ்சுவதில்லை. பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே அதன் வேர் பயன்படுகிறது. உணவைப் பெரிதும் நீரிலிருந்தே பெறுகிறது. மீனின் கழிவில் உள்ள சத்தே அதற்குப் போதுமானது.

அடுத்தது அனுபியாஸ். மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளைச் சேர்ந்த இச்செடி சேம்பின் குடும்பத்தது. 1857ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ஷாட் என்பவர் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். பழைய எகிப்தியர் இறந்தோரின் உலகிற்குரியவராக வணங்கிய அனுபிஸ் என்னும் தெய்வத்தின் பெயரினின்று இது வந்தது. இருளில் வாழும் செடிக்கு இருளுலகத் தெய்வத்தின் பெயர் பொருத்தமானதே. மாதத்திற்கு ஓரிரு இலை விட்டாலே இது நன்றாக வளர்கிறது என்று கொள்ளலாம். பொறுமையற்றவர்களுக்கு இது ஏற்ற செடியன்று.

புசெபலாண்ட்ரா என்னும் சிறுசெடி போர்னியோத் தீவினுக்கே உரியது. சரவாக் முதலிய பகுதிகளில் ஓடைப் பாறைகளில் ஒட்டி வளர்வது. இதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம். ஜாவாப் பாசி என்பது கட்டையின்மேல் பச்சைக் கம்பளம்போல் படரும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள உதவும்.

குறைந்த ஒளியில் இவை எவ்வாறு பிழைக்கின்றன? வரவு குறைந்த குடும்பம் செலவையும் குறைத்து வாழ்வதைப் போன்றதே இது. விரைந்து வளரும் செடி, இலைகளை அடுத்தடுத்து உண்டாக்க மிகுந்த ஒளியைச் செலவிட வேண்டும். ஜாவாப் பெரணியும் அனுபியாசும் மெதுவாக வளர்கின்றன. ஒருமுறை விட்ட இலையை நெடுநாள் காத்துக்கொள்கின்றன. கரும்பச்சை இலை, கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் வீணாக்காமல் பற்றிக்கொள்கிறது. ஆகவே, இச்செடிகள் நம் கவனக்குறைவால் சாவதைவிட, நம் ஆர்வமிகுதியால் சாவதே அதிகம்.

அவ்வார்வமிகுதியின் முதல் வடிவம் புதைத்தல். இச்செடிகளின் இலைகளுக்கும் வேர்களுக்கும் இடையே, இஞ்சியைப்போல் கிடையாகப் படரும் தடித்த தண்டொன்று உண்டு. செடியின் உயிர் அதில்தான் இருக்கிறது. செடி என்றால் மண்ணில் ஊன்ற வேண்டும் என்னும் பழக்கத்தினால் பலர் இத்தண்டையும் மணலுக்குள் புதைத்துவிடுகின்றனர். காற்றும் நீரோட்டமும் படாமல் அது அழுகுகிறது. பின்னர் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன. கட்டையில் கட்டி வளர்க்க வேண்டும் என்பதற்கு அழகு மட்டுமே காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, விளக்கை இரவும் பகலும் எரியவிடுதல். மெதுவாக வளரும் செடிக்கு மிகையான ஒளி பயன்படாது. அவ்வொளியைப் பாசங்கள் பயன்படுத்திக்கொண்டு இலைகளின்மேல் கறுப்பும் பச்சையுமாய்ப் படிந்துவிடும். சிறிய எல்இடி விளக்கொன்று நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். வெயில் நேரே விழும் சன்னலருகே தொட்டியை வைக்கலாகாது. பாசம் பெருகுவதோடு நீரும் சூடேறும்.

இனிக் கட்டையைப்பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றும் எண்ணம், “ரப்பர்க் கட்டைதான் வேண்டிய அளவு கிடக்கிறதே” என்பதாகும். மீன் தொட்டிக்கு ரப்பர்க் கட்டை ஆகாது. ரப்பர் மரத்தில் கறுத்து இறுகிய வைரம் உண்டாவதில்லை. மரம் முழுவதும் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருக்கும். வெட்டிச் சாய்த்த சில நாள்களிலேயே அதில் நீலக்கறை பூப்பதையும், பின்னர்ச் சிறுவண்டுகள் துளைத்துப் பொடியாக உதிர்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கட்டையை நீரில் இட்டால், அச்சத்தை உண்ணக் கிருமிகள் பெருகி, நீரிலுள்ள உயிர்க்காற்றைத் தீர்த்து, மீன்களைத் திணறச் செய்யும். முன்பு பெரும்பாலும் விறகாகவே பயன்பட்ட இம்மரம், 1980களில் நாற்காலி, மேசை செய்யும் தொழிலுக்குப் பெருமளவில் பயன்படத் தொடங்கியது. போரான் கலந்த மருந்தை மரத்தினுள் ஏற்றிப் பூச்சியும் பூசணமும் அணுகாமல் செய்யும் முறையே இதற்குத் துணைநின்றது. ஆகவே பச்சைக் கட்டை அழுகும், பட்டறையில் எஞ்சிய துண்டிலோ மருந்து இருக்கும். இரண்டும் வேண்டா.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. பயனற்ற பழைய மரங்களைப் பட்டுப்போகச் செய்ய முற்காலத்தில் தோட்டங்களில் நஞ்சு பூசும் வழக்கம் இருந்தது. களைக்கொல்லி தெளிக்கப்படும் நிரைகளில் கிடக்கும் கட்டைகளிலும் மருந்து படிந்திருக்கலாம். தோட்ட வேலைக்காட்டில் கண்டெடுத்த எந்தக் கட்டையையும் மீன் தொட்டியில் இடாதிருப்பதே நன்று.

ஏற்றது யாது? பட்டையும் சாறும் முற்றிலும் நீங்கி, நெடுநாள் நீரில் கிடந்து இறுகிய வன்மரக் கட்டையே ஏற்றது. கடைக்காரர்கள் இதனை டிரிப்ட்வுட் என்பார்கள். ‘மலேசியன் டிரிப்ட்வுட்’ என்னும் பெயரிலேயே, கனத்து நீரில் தானே அமிழும் கட்டைகள் வெளிநாடுகளில் விலைபோகின்றன. நம் நாட்டின் பெயர் இப்படியும் பரவியிருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கொய்யா மரத்தின் நன்கு உலர்ந்த கிளையும் பட்டை நீக்கிய பின் பயன்படும். மோரிப் போன்ற கடற்கரைகளில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்குமாதலால், பல வாரங்கள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாலன்றி அதைப் பயன்படுத்தலாகாது.

கட்டை எங்கிருந்து கிடைத்ததாயினும், தேய்த்துக் கழுவி, பானையில் அடங்குமானால் ஓரிரு மணி நேரம் கொதிக்கவைத்து, பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். கட்டை ஊறும் வாளியையோ தொம்பையோ திறந்துவைக்கலாகாது. கொசு முட்டையிட்டு, புழுவாகிப் பறந்து செல்ல ஏறக்குறைய ஒரு வாரமே போதும். இறுக மூடிவையுங்கள், மூன்று நாள்களுக்கு ஒருமுறை நீரை முற்றிலும் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு வளர இடமளிப்பது குற்றமாகும். மீன் வாழும் தொட்டியில் இவ்வச்சம் குறைவு. கப்பி மீன்கள் புழுக்களை விரும்பி உண்ணும்.

ஊறும்போது நீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பாவது கண்டு அஞ்ச வேண்டா. அது மரத்தின் துவர்ச்சத்து. வட சிலாங்கூரின் சதுப்புக் காட்டு நீர் இந்நிறத்தில்தான் ஓடுகிறது. அங்கு மீன்கள் நலமே வாழ்கின்றன. நிறம் பிடிக்காவிடில், நீரை மாற்ற மாற்ற அது தெளிந்துவிடும். தொட்டியில் இட்டபின் கட்டைமேல் வெண்மையான வழுவழுப்புப் படர்வதும் இயல்பே. சில வாரங்களில் மறையும். நத்தையும் இறாலும் அதை மேய்ந்துவிடும்.

செடியைக் கட்டும் வேலை எளிது. கடையில் வாங்கிய செடி சிறு தொட்டியில் பஞ்சு சூழ இருக்குமாயின், பஞ்சை முழுவதும் நீக்குக. தண்டைக் கட்டையின் பிளவிலோ வளைவிலோ படியவைத்து, கறுப்புப் பருத்தி நூலால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுக. இறுக்கினால் தண்டு நசுங்கும். தளர்ந்தால் நீரோட்டத்தில் ஆடி வேர் பிடிக்காது. சில வாரங்களில் வேர் கட்டையைப் பற்றிக்கொள்ளும். நூலோ காலப்போக்கில் மட்கிவிடும். இக்காலத்தில் கூழ்வடிவான உடனடிப் பசையைக்கொண்டு ஒட்டுவோரும் உளர். துளியளவு இட்டு, தண்டின் அடியில் மட்டும் படுமாறு செய்தால் தீங்கில்லை.

தொட்டியில் இட்ட முதல் மாதத்தில் பழைய இலைகள் சில பழுத்துக் கரையலாம். விற்பனைக்காக வளர்க்கும் இடங்களில் இச்செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். நீருக்குள் வந்ததும் அவை அதற்கேற்ற புது இலைகளை விடுகின்றன. தண்டு உறுதியாக இருக்கும்வரை கவலைக்கிடமில்லை. ஜாவாப் பெரணி இலையின் பின்புறத்தில் வரிசையாகக் காணப்படும் பழுப்புப் புள்ளிகளை நோய் எனக் கருதி, இலையைக் கிள்ளி எறிவோர் பலர். அவை வித்துத்துகள் தோன்றும் இடங்கள். முதிர்ந்த இலையின் நுனியில் சிறு பெரணிக் கன்றுகளே முளைத்து வேர்விடும். வேர் நீண்டதும் அவற்றைப் பிரித்து வேறு கட்டையில் கட்டலாம்.

வாரத்திற்கொருமுறை நீரில் கால்பங்கை மாற்றினால் போதும். குழாய் நீரில் கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்குமாதலால், குளோரின் நீக்கும் மருந்தை அளவோடு இட்டு ஊற்றுக.

செடியை எங்கே பெறுவது என்பதில் ஒரு சொல். நம் காட்டோடைகளில் இவை வளர்கின்றனவே, போய்ப் பறித்துவரலாமே என்று தோன்றக்கூடும். ஒதுக்கப்பட்ட காடுகளிலிருந்து உரிமமின்றிச் செடிகொடிகளை எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டத்திற்காக மட்டும் இதைக் கூறவில்லை. மேலே குறிப்பிட்ட புசெபலாண்ட்ரா இனங்களுட் பலவற்றை, வோங் சின் யெங், பீட்டர் பாய்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில்தான் புதியனவாக உலகிற்கு அறிவித்தனர். அவற்றுட் சில மிகச் சிறிய பரப்பிலேயே காணப்படுபவை. மாதத்திற்கு ஓர் இலை விடும் செடியைப் பாறையிலிருந்து மூட்டை மூட்டையாக உரித்தெடுத்தால், அவ்வோடை மீண்டும் பசுமையாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைத் தொழிலாளர்களே கணித்துக்கொள்ளலாம். பண்ணையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றியும், ஒரு செடி இருந்தாலே அண்டை வீட்டாருக்குப் போதுமான செடிகளை அதிலிருந்து பிரித்தெடுக்கலாம். தண்டு ஒரு விரல் நீளம் வளர்ந்தபின், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலைகள் இருக்குமாறு நறுக்கி, வேறு கட்டையில் கட்டினால் அது தனிச் செடியாகும். நறுக்குவதற்குப் பால்வெட்டும் கத்தியை எடுக்க வேண்டா; அதில் பாலும் ஊக்கமருந்தும் ஒட்டியிருக்கும். நன்கு கழுவிய புதிய சவரத் தகடே போதும். வெட்டுவாய் நசுங்காமல் ஒரே இழுப்பில் அறுத்து, அன்றே நீரில் இட்டுவிடுங்கள்.