ஆண்டறிக்கையில் காணாத செலவு

காக்ஸ் டவுனில் நம்மவர் குடும்பங்களின் சேமிப்பு முன்னெல்லாம் தபாலாபீஸ், சீட்டு, நகை என்றிருந்தது. இன்று கம்பெனிப் பங்குகளும் சேர்ந்துவிட்டன. ஆகவே, தற்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராயுள்ள சிவராம் ராஜகோபால், கிரஹாம், ஹார்வி ஆகிய இருவரோடு 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியை நாமும் அறிதல் நலம்.

அவர்கள் நிதியதிகாரிகள் 401 பேரை வினவினர். எதிர்பார்த்த இலாபம் குறையுமெனில் ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்புச் செலவுகளைக் குறைப்போம் என்றனர் நூற்றுக்கு 80 பேர்! இதில் பொய்க்கணக்கு இல்லை, சட்டமும் தடுப்பதில்லை. இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. தண்டவாளத்தைப் பழுதுபார்க்காது விட்டால் அவ்வாண்டுச் செலவு குறையத்தான் செய்யும். அது தேய்வதை எந்தப் பேரேடும் எழுதுவதில்லை.

இதனை ஐதராபாத் சத்யம் கம்பெனியின் விவகாரத்தோடு சேர்த்தெண்ணலாகாது. வங்கியில் இல்லாத 5,040 கோடி ரூபாயை இருப்பதாகக் காட்டியதை அதன் தலைவரே 2009 ஜனவரி 7இல் ஒப்புக்கொண்டார். அது மோசடி, போலீசார் வந்தனர். இதற்கு எவரும் வரமாட்டார்.

பங்கு வைத்திருக்கும் அன்பர்கள் இலாப வரியோடு நின்றுவிடாது, பழுதுபார்ப்பு, ஆராய்ச்சிச் செலவுகளையும் சென்ற ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுகிறோம். இலாபம் ஏறிய ஆண்டில் அவை இறங்கியிருந்தால், பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்கலாம். ஒரே பங்கு உடையவரும் அக்கூட்டத்திற்குச் செல்லலாம்.