கலம் தன்னையே உண்ணும் விந்தை

சித்தாண்டி முருகன் ஆலயத்திற் கந்தசட்டி விரதம் அனுட்டிப்போர் உடலினுள் நிகழ்வது யாதென மாணவர் சிலர் என்னை வினவினர்.

உணவு குன்றின், கலம் தன் பழுதுற்ற பகுதிகளை இருபடலப் பையொன்றினுட் பொதிந்து, நொதியங்களாற் செரித்து மீளப் பயன்படுத்துகின்றது. இதற்குத் 'தன்னுண்ணல்' எனப் பொருள்படும் பெயரை 1963இல் இட்டவர் பெல்சிய அறிஞர் டி டூவ்.

இதனைத் தொடக்குவதும் தடுப்பதும் எது? புரதத்திற் பொசுபேற்று ஒட்டிக்கொள்வதே. ஆயின், ஒட்டுமிடம் மாறின் விளைவும் மாறும். நுட்பம் இங்கேதான் உளது. உணவு மலிந்துழி 'ரோர்' என்னும் நொதியம் யூ.எல்.கே.1 என்ற புரதத்தின் 757ஆம் இடத்துச் செரீனிற் பொசுபேற்றைச் சேர்த்து அதனை அடக்குகின்றது. சத்தி குறையின் ஏ.எம்.பி.கே. என்னும் பிறிதொரு நொதியம் 317ஆம், 777ஆம் இடங்களிற் சேர்த்து அதனையே எழுப்புகின்றது. எலியின் புரதத்தில் இஃது 2011இற் காட்டப்பட்டது. ஒரே பொருள்தான், ஓரிடத்திற் பூட்டு, வேறிடத்தில் திறவுகோல்!

இதனை மனிதரின் ஆறுநாள் விரதத்தின் மேல் அப்படியே ஏற்றியுரைத்தல் ஆராய்ச்சியன்று. நீரிழிவுக்கு மருந்துண்போர் இதை நம்பி உணவை விடுதல் உயிருக்கே கேடு.

ரோரை அறியத் துணைநின்ற ரபமைசின், ஈசுற்றர்த் தீவு மண்ணில் வாழும் பற்றீரியத்தினின்று கிடைத்தது. 1970களில் மொன்றியலில் அதனைப் பிரித்தெடுத்தோருள் முதன்மையானவர், பிரிவினைக்கு முன்னைய இந்தியாவிற் பிறந்த சுரேந்திரநாத் சேகல். அது ரோரை முடக்கவே, ஊட்டம் நிறைந்த மதுவக் கலங்களும் பட்டினியுற்றனபோலத் தம்மை உண்ணத் தொடங்கின. அதனை 1998இற் கண்ட யப்பானியர் இருவருள் ஒருவரான ஒசூமி, தன்னுண்ணல் ஆய்வுக்காக 2016இல் நோபெல் பரிசு பெற்றார்.