கழற்றிய முகக் கவசம் எங்கே போகிறது?

மருத்துவமனைகளில் தாதியர் முகக் கவசம் அணிந்து பணியாற்றுவதை நாம் காண்கிறோம். பணி முடிந்ததும் அதனைக் கழற்றி எறிந்துவிடுவது எளிய செயல் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கவசத்தை அணியும்போது வேண்டிய கவனம், அதனைக் கழற்றி அகற்றும்போதும் சிறிதும் குறையாமல் வேண்டும்.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் கவசத்தின் வெளிப்புறத்தில் படிகின்றன. ஆகவே, அணிந்தவரைக் காத்த அதே கவசம், கழற்றிய பின்னர் அதனைத் தொடுபவருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். இக்காரணத்தால் தாதியர் முதலில் கையுறைகளைக் கழற்றிக் கைகளைத் தூய்மை செய்கின்றனர். முகக் கவசத்தை இறுதியிலேயே அகற்றுகின்றனர். அப்போதும் முன்பக்கத்தைத் தொடுவதில்லை. காதுப் பட்டைகளையோ கயிறுகளையோ மட்டும் பிடித்துக் கழற்றி, உரிய தொட்டியில் இட்டு, மீண்டும் கைகளைக் கழுவுகின்றனர். சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடிகள் ஆகும்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் பொதுக் குப்பைக்குக் கறுப்புப் பையும், மருத்துவக் கழிவுக்கு மஞ்சள் பையும் வைக்கப்பட்டுள்ளன. தொற்றுநோயாளியைக் கவனித்தபோது அணிந்த கவசம் மஞ்சள் பைக்கே செல்ல வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் பையின் வாயை இறுகக் கட்டி, பூட்டிய அறையில் வைத்து, தனி வாகனத்தில் ஏற்றி, எரி உலைக்கு அனுப்புகின்றனர். இத்தகைய கழிவுகளைக் கையாளும் முறையை 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவுகள் விதிமுறைகள் வகுத்துள்ளன.

பை மாறினால் என்ன நேரும்? நோய்க்கிருமி படிந்த கவசம் சாதாரணக் குப்பையோடு கலந்து, ஏதும் அறியாத துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு வந்து சேரும். ஒருவரின் கவனக்குறைவுக்கு மற்றொருவர் விலை கொடுக்க நேரிடும்.

2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது இப்பொறுப்பு பன்மடங்காயிற்று. 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அவசரத் திட்டத்தின் வழி மட்டுமே சுமார் 87,000 டன் பாதுகாப்புப் பொருள்கள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி கழிவாக மாறியிருக்கும் என உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது.

தோட்டங்களில் வாழும் நாமும் இதிலிருந்து பாடம் பெறலாம். காசநோயோ கடும் இருமலோ உள்ளவர் வீட்டில் இருந்தால், அவர் அணிந்த கவசத்தைப் பட்டையைப் பிடித்துக் கழற்றி, வாய், மூக்கு பட்ட உட்புறம் உள்ளே மறையுமாறு மடித்து, சிறு பையில் இட்டுக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். பின்னர் கைகளைக் கழுவ வேண்டும். லயத்துக்குப் பின்புறம் இட்டு எரிப்பது கூடாது. கவசம் பிளாஸ்டிக் இழைகளால் ஆனது, அதன் புகை உடலுக்குத் தீங்கானது. கால்வாயில் வீசினால் நீர் தேங்கிக் கொசுக்கள் பெருகும். ஒருமுறை பயன்படுத்தும் கவசத்தைத் துவைத்து மீண்டும் அணிவதும் தவறாகும்.

நாம் வெட்டும் மரங்களின் பாலிலிருந்து செய்யப்படும் கையுறைகள் பல மருத்துவமனைகளில் உயிர் காக்க உதவுகின்றன. அவ்வாறே, நம் வீட்டுக் குப்பையை அள்ள வரும் தொழிலாளியின் உயிரைக் காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. அதனை மறவாதிருப்போமாக.